தீவுப் பக்கப் பரம்பரை தேட எது நல்லம்: கல்வெட்டா, காணி உறுதியா, டிஎன்ஏயா?

கனடாவிலயும் லண்டனிலயும் பிறந்த எங்கட பிள்ளையள் இப்ப "அப்பப்பான்ர அப்பா ஆர்" எண்டு கேக்கத் தொடங்கீட்டினம். நல்ல விசயம். ஆனா கேட்ட கையோட ஒரு டிஎன்ஏ கிட்டை ஓடர் பண்ணிப்போடுகினம். புங்குடுதீவு, நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மாதிரி யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கச் சின்ன ஊர்களுக்கு அது கடைசியாச் செய்யவேண்டிய வேலை எண்டுதான் நான் நினைக்கிறன்.

முதல்ல கல்வெட்டு. ஆராவது செத்தால் 31ஆம் நாளுக்கு அடிச்சுக் குடுக்கிற நினைவு மலர்தான், தேவாரம் புராணத்துக்கு நடுவில வாழ்க்கை வரலாறும் வம்ச வழியும் போட்டிருக்கும், சிலதில நாலு தலைமுறை வரைக்கும் மரம் கீறியே குடுத்திருப்பினம். 2005இல தொடங்கின நூலகம் இணையத்தளத்தில நிறையக் கல்வெட்டுகளை ஸ்கான் பண்ணி இலவசமாப் போட்டிருக்கினம், ஊர்ப் பேரைப் போட்டுத் தேடிப் பாருங்கோ. அதில வாற திதி வெண்பாவைக் கனபேர் தட்டிவிட்டுட்டுப் போறவை, ஆனா இறந்த வருசம், மாதம், பட்சம், திதி எல்லாம் அந்த நாலு வரிக்குள்ளதான் கிடக்கு. வருசம் தமிழ் வருசப் பேரில வரும், அறுபது வருசத்துக்கு ஒருக்கால் அதே பேர் திரும்பி வரும், பிரபவ எண்டால் 1927உம் ஆகலாம் 1987உம் ஆகலாம், அதால பிள்ளையளின்ர வயசோட வைச்சுப் பாத்து முடிவெடுக்கோணும்.

கல்வெட்டின்ர குறை என்னெண்டால் அது குடும்பம் தன்னைப் பற்றித் தானே எழுதினது. வீட்டாரின்ர விருப்பமில்லாமல் கலியாணம் கட்டினவை, சின்னனிலயே செத்த பிள்ளையள், முதல் தாரம் இதெல்லாம் சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும். அதோட மேல போகப் போக ஆம்பிளையளின்ர பேர் மட்டும்தான் மிஞ்சும்.

மரண அறிவித்தலும் இதே மாதிரித்தான், ஆனா விரிவு கூட. "புங்குடுதீவு 10ஆம் வட்டாரத்தைப் பிறப்பிடமாகவும் கனடாவை வதிவிடமாகவும் கொண்ட" எண்டு தொடங்கி தாய் தகப்பன், மாமன் மாமி, சகோதரங்கள், மருமக்கள் எண்டு எல்லாரையும் சொல்லிப்போடுவினம், காலஞ்சென்றவை ஆர் எண்டும் அதிலயே தெரியும். புங்குடுதீவில பன்னிரண்டு வட்டாரம், வட்டாரம் தெரியாமல் கந்தையா, சின்னத்தம்பி, வேலுப்பிள்ளை எண்டு தேடினால் ஆரை ஆரெண்டு பிடிக்கிறது? குடும்பப் பேர் எண்டு ஒண்டு எங்களுக்கு இல்லை, தகப்பன்ர பேர்தான் முன்னுக்கு நிக்கும், தலைமுறைக்குத் தலைமுறை அது மாறிக்கொண்டே போகும்.

இனி காணி உறுதி, அதாவது காணி ஆருக்குச் சொந்தமெண்டு எழுதின பத்திரம். என்ர கணிப்பில இதுக்குக் கிட்ட ஒண்டும் நிக்கேலாது. யாழ்ப்பாணத் தமிழரின்ர வழக்கச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில 1707இல எழுத்தில கொண்டுவந்தவை, அதில முதுசம் (பரம்பரையா வந்தது), சீதனம் (மகளுக்குக் கலியாணத்துக்குக் குடுக்கிறது), தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடினது) எண்டு சொத்தைப் பிரிச்சு வைச்சிருக்கு. மகளுக்குக் காணி சீதனமாப் போகும், அதுக்கு உறுதி எழுதோணும். அதால கல்வெட்டில பேரே இல்லாத ஒரு ஆச்சி, உறுதியில இன்னாரின்ர மகள், இன்னாரின்ர பெண்சாதி, இந்தக் காணிக்குச் சொந்தக்காரி எண்டு முழுசா நிப்பா. அவவுக்கு அது தாயின்ர சீதனமா வந்திருந்தால் முன்னைய உறுதியின்ர நம்பரும் அதை எழுதின நொத்தாரிசின்ர பேரும் அதிலயே இருக்கும், அதைப் பிடிச்சுக்கொண்டு பெண் வழியில மேல ஏறலாம். வேற எந்த ஆவணமும் எங்கட பெண்களை இப்பிடிக் காட்டித் தராது.

எல்லைகளையும் வாசியுங்கோ, கிழக்கு எல்லை ஆர், வடக்கு எல்லை ஆர் எண்டு. ஒரு பேரனின்ர (தாத்தாவின்ர) காணி பிள்ளையளுக்குப் பிரிபட்டு வந்ததால அயல் காணிக்காரர் கனநேரத்தில சகோதரமும் சித்தப்பனும்தான். பிரிபடாத 5இல் 1 பங்கு எண்டு போட்டிருந்தால் அஞ்சு உரிமைக்காரர் இருந்திருக்கலாம் எண்டு ஒரு துப்புக் கிடைக்கும், ஆனா பழைய தேசவழமைப்படி சீதனம் வாங்கின மகள் முதுசத்தில பங்கு கேக்கேலாது, அதால அவவை அந்தக் கணக்குக்கு வெளியில தேடோணும். 1990களின்ர தொடக்கத்தில தீவுகளை விட்டுச் சனம் கிளம்பேக்க கனபேர் உறுதியைக் கைவிட்டுட்டு வந்தவைதான், ஆனாலும் பதிஞ்ச உறுதியெண்டால் யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில தேடிப் பிரதி எடுக்கலாம். காசும் பொறுமையும் வேணும், அங்க நிண்டு பாக்க ஒரு ஆளும் வேணும்.

பிறப்பு இறப்புப் பதிவு 1867ஆம் ஆண்டுச் சட்டத்தோட தொடங்கினது. திகதிக்கு இதைவிட நம்பிக்கையான இடம் இல்லை. 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு வந்த படிவத்தில பேரனாரின்ர பேர், பிறந்த வருசம், பிறந்த இடம் கேக்கிற ஒரு கூடு இருக்கு, அம்மா அப்பாவின்ர பிறப்புச் சான்றிதழை எடுத்து அதை முதல்ல பாருங்கோ. பிள்ளை பிறந்த இடத்திலதான் பதிவு, அதால யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில பிறந்தவையைத் தீவுப் பதிவில தேடிப் பிரயோசனமில்லை. கத்தோலிக்கக் குடும்பமெண்டால் பங்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவும் இருக்கு, ஞானத்தாய் தகப்பன் பெரும்பாலும் சொந்தக்காரர்தான்.

டிஎன்ஏக்கு வருவம். மச்சான் மச்சாளை முறையாக் கட்டிக்கட்டி வந்த ஊர் எங்கட. சாதாரணமா முதல் முறைச் சகோதரங்களுக்கு (தாய் தகப்பனின்ர கூடப்பிறந்தவையின்ர பிள்ளையள்) டிஎன்ஏயில 12.5 வீதம் பொதுவா இருக்கும், இரண்டாம் முறைக்கு (அந்தப் பிள்ளையளின்ர பிள்ளையள்) 3 வீதத்துக்குக் கொஞ்சம் மேல. எங்களுக்குள்ள அந்தக் கணக்கு நிக்காது, நாலு வழியால தூரத்துச் சொந்தமான ஒருத்தர் கிட்டின சொந்தம் மாதிரித் தெரிவார், எந்த வழியால எண்டு ரிப்போர்ட் சொல்லாது. டிஎன்ஏ கொம்பனியளில சோதிச்ச ஆக்களில எங்கட சனம் குறைவும்தானே. 23அண்ட்மீ எண்ட கொம்பனியில 2023இல கிட்டத்தட்ட 69 லட்சம் பேரின்ர தகவல் வெளியில போனது, 2025 மார்ச்சில அது திவால் மனுப் போட்டது, எச்சிலைக் குடுக்க முதல் இதையும் யோசியுங்கோ. தத்து எடுக்கப்பட்டவை, மலாயாவுக்குப் போய்த் தொடர்பு அறுந்த கிளையைத் தேடுறவை, இவைக்கு மட்டும் டிஎன்ஏயைத் தாராளமாச் சொல்லுவன்.

வயசு போன ஆக்களிட்டக் கேக்கிறதை இந்தப் போட்டியில சேர்க்கேல்லை, அது எப்பிடியும் முதல்ல செய்யவேண்டியது. ஆனா "எங்கட பரம்பரை என்ன" எண்டு கேட்டால் ஒண்டும் வராது. எந்தக் காணியில இருந்தனீங்கள், அது ஆற்ற சீதனம், கோயிலில எத்தனையாம் திருவிழா உங்கட உபயம், அதை உங்களோட சேந்து ஆர் செய்யிறவை எண்டு கேளுங்கோ, அம்மம்மா காணிப் பேரோட சொல்லத் தொடங்குவா, அந்தப் பேரை வைச்சு உறுதியைத் தேடலாம்.