"பழைய பிளெமிஷ் ஓவியம்" என்று விற்கிறார்கள்: பின்பக்கம் பார்க்காமல் வாங்காதீர்கள்

பெல்ஜியம், நெதர்லாந்து பக்கம் இருக்கிறவர்கள் பழம்பொருள் கடையில் குளிர்கால ஓவியம் ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டால், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பிளெமிஷ் என்றால் இன்றைய பெல்ஜியத்தின் வடபகுதியான ஃபிளாண்டர்ஸைச் சேர்ந்தது; ஆன்ட்வெர்ப் அங்குள்ள ஒரு நகரம். பிரஸ்ஸல்ஸில் ஒரு கடையில் "17-ஆம் நூற்றாண்டு, ஆன்ட்வெர்ப்" என்று சொல்லி 2,800 யூரோவுக்கு என்னிடம் ஒரு படத்தை விற்றார்கள். அது போன நூற்றாண்டில் வரைந்தது. பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

உறைந்த ஆறு, அதன்மேல் சறுக்கி விளையாடும் ஊர் ஜனங்கள், பனி மூடிய கூரைகள், வலது ஓரத்தில் பழைய கதவொன்றைக் குச்சியால் முட்டுக்கொடுத்து வைத்திருக்கும் பறவைப் பொறி. பிளெமிஷ் ஓவியர் மூத்த பீட்டர் புரூகல் 1565-ல் வரைந்த காட்சி இது. மூலப்படம் பிரஸ்ஸல்ஸ் அரச நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த படம். இதற்கு நூற்றுக்கும் மேற்பட்ட பழைய நகல்கள் உண்டு. அவருடைய மகன், இளைய புரூகலின் பட்டறையிலிருந்தே ஏராளமாக வெளிவந்தன. ஏமாற்றுகிறவர்களுக்கு இதுதான் வசதி. மூலம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். "நகல்தான், ஆனால் அந்தக் காலத்து நகல்" என்றால் யாருக்கும் நம்பத் தோன்றும். விலையையும் அதற்கேற்பவே வைக்கிறார்கள். மகன் கைப்பட வரைந்தது என்று உறுதியானால் ஏலத்தில் பல லட்சம் யூரோ போகும். பெயர் தெரியாத யாரோ வரைந்த பழைய பலகை ஓவியம் சில ஆயிரத்துக்கே கிடைக்கும். எனவே 2,800 என்றால் சந்தேகம் வராது.

ஃபிரேமைக் கழற்றிப் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னேன். "நானூறு வருஷத்து மரம், ஆணியைத் தொட்டால் பிளந்துவிடும்" என்றார். பின்னால் முழுக்கப் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. ஓரத்தில் கொஞ்சம் பிரித்து, புழு அரித்த துளைகளைக் காட்டினார். "மரத்தின் வயதை எங்கே வேண்டுமானாலும் சோதித்துக்கொள்ளுங்கள்" என்று தைரியமாகச் சொன்னார். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

வார்னிஷைச் சுத்தம் செய்ய ஆன்ட்வெர்ப்பில் ஓவியங்களைச் சீரமைக்கும் ஒரு அம்மாவிடம் கொண்டுபோனேன். பிளந்துவிடும் என்று பயமுறுத்திய ஃபிரேம் சத்தமில்லாமல் கழன்று வந்தது. காகிதத்தை நீக்கியதும் அவர் முதலில் காட்டியது புழுத் துளைகளைத்தான். புழு மரத்துக்கு உள்ளே சுரங்கம் போட்டுக்கொண்டு போகும். அது வெளியேறிய இடத்தில் சின்ன வட்டத் துளை மட்டும்தான் தெரிய வேண்டும். என் படத்தின் பின்னால் அந்தச் சுரங்கங்கள் பாதியாகப் பிளந்து, நீளநீளமாக, வாய்க்கால் போல ஓடின. அதாவது புழு அரித்து முடித்த பழைய பலகையை, ஏதோ அலமாரியிலிருந்து எடுத்ததாக இருக்கலாம், பின்னால் அறுத்திருக்கிறார்கள். அறுத்த தடமும் அப்படியே இருந்தது: ஒரே இடைவெளியில் வில் வில்லாக, வட்ட ரம்பத்தின் கோடுகள். மரத்தின் வயதைச் சோதித்தால் மரம் பழையது என்றுதான் வரும். அதன்மேல் எப்போது வரைந்தார்கள் என்பதை அது சொல்லாது.

அந்த அம்மா அவசரப்படவில்லை. பிற்காலத்தில் இழைத்து மெலிதாக்கிய உண்மையான பழைய ஓவியங்களிலும் புழுச் சுரங்கம் திறந்து தெரியலாம், இதை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது என்றார். ஆன்ட்வெர்ப் பலகைகளில் நகரத்து முத்திரையான கோட்டையும் இரண்டு கைகளும் சுட்டுப் பதித்திருப்பதுண்டு. அது இல்லாததால் மட்டும் போலி என்றும் ஆகிவிடாது. அப்புறம் முன்பக்கத்தைத் திருப்பினார். பலகையில் வரைந்த படத்தில் வெடிப்புகள் பெரும்பாலும் மரத்தின் ரேகையை ஒட்டி ஓடும். இதில் வானம், பனி, மனிதர்கள் எல்லாவற்றின் மேலும் ஒரே அளவில் வலை பின்னியது போல இருந்தது. வெடிப்புக்குள் இருந்த அழுக்கும் ஒரே கருப்பு, தேய்த்து ஏற்றியது.

கடைசியாக வெள்ளை. குளிர்கால ஓவியத்தில் பாதிக்கு மேல் வெள்ளைதானே! அந்தக் காலத்தில் பனிக்குப் பயன்பட்டது ஈய வெள்ளை. டைட்டானியம் வெள்ளை ஓவியர்கள் கைக்கு வந்ததே முதல் உலகப் போரை ஒட்டிய வருடங்களில்தான். ஊடுகதிர் வைத்து உலோகங்களைக் கண்டுபிடிக்கும் கருவியால் சோதித்தார். ஒரு இடத்தில் டைட்டானியம் இருந்தால் யாரோ பின்னாளில் ஒட்டுவேலை செய்திருக்கலாம் என்பதால், கூரை, ஆறு, மரக்கிளை, வானம் என்று பல இடங்களில் பார்த்தார். எல்லா இடத்திலும் டைட்டானியம். ஈயம் எங்கேயும் இல்லை. எழுத்தில் அறிக்கையும் கொடுத்தார்.

அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், கடைக்காரர் என்னுடைய ரசீதையே எனக்குப் படித்துக் காட்டினார்: "பிளெமிஷ் பாணிக் குளிர்காலக் காட்சி, மரத்தில் எண்ணெய் வண்ணம்." நூற்றாண்டு இல்லை, ஊர் இல்லை, பட்டறை இல்லை. வாயால் சொன்ன ஒன்றையும் எழுதவில்லை. தங்க முத்திரை ஒட்டிக் கொடுத்த "சான்றிதழ்" அவரே அச்சடித்தது. அதிலும் இதே வாசகம்தான். அந்த ரசீதைத் திட்டம் போட்டுத்தான் அப்படி எழுதியிருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் வணிகரிடம் இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பிக் கொடுக்கலாம். கடைக்கு நேரில் போய் வாங்கினால் அந்த உரிமை கிடையாது.

ஆகவே, விற்கிறவர் வாயால் சொல்லும் காலம், ஊர், பட்டறை மூன்றையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வந்துவிடுங்கள். ஃபிரேமை உங்கள் கண் முன்னால் கழற்றச் சொல்லுங்கள். பெரிய தொகை என்றால் வெள்ளையைச் சோதித்த பிறகுதான் மீதிப் பணம் என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். நேர்மையான வியாபாரி இதற்கெல்லாம் கோபப்படமாட்டார்.

பெல்ஜியப் பொருளாதார அமைச்சகத்தில் நுகர்வோர் புகார் பதிவு செய்திருக்கிறேன். வழக்கறிஞர் மூலம் கடைக்கு ஒரு கடிதமும் போயிருக்கிறது. பழுப்புக் காகிதம் ஒட்டிய இதே மாதிரிப் படம் உங்கள் வீட்டிலும் இருந்தால், ரசீதையும் பின்பக்கத்தின் புகைப்படத்தையும் பத்திரப்படுத்தி, நீங்களும் புகார் கொடுங்கள். என் ஒருவனுடைய புகாரை "ரசீதைச் சரியாகப் படிக்காதவர்" என்று தள்ளிவிடலாம். ஒரே கடையின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அப்படித் தள்ள முடியாது.