ஊஃபர் இரைச்சலைச் சரிசெய்ய வந்தவர் நியூட்ரலையும் எர்த்தையும் முடிச்சுப் போட்டுவிட்டுப் போனார்

கடற்கரை ஊர்களில் ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்களும், உம்மா வாப்பாவை ஊரில் விட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்களும் இதைப் படித்துவிடுங்கள். கொஞ்சம் நீளம்தான். என் உம்மாவுக்கு நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு பெரியபட்டினத்தில், கடலுக்கு நடந்து போகும் தூரம். சவுதியை முடித்துக்கொண்டு ஊரோடு வந்த வருடம் முன் அறையில் ஒரு 5.1 செட் வைத்தேன். ரிசீவர், ஐந்து ஸ்பீக்கர், அடிச்சத்தத்துக்கென்று தனியாகக் கரண்ட் எடுக்கும் சப்-ஊஃபர் ஸ்பீக்கர். முதல் சில மாதம் அருமையாக இருந்தது. சித்திரை வெயில் ஏறிய சமயம் ஊஃபரில் 'உம்ம்ம்' என்று ஒரு அடிக்குரல் ஆரம்பித்தது. படம் ஓடாதபோதும் கேட்கும், வால்யூமைக் குறைத்தாலும் குறையாது. கூடவே ரிசீவரின் தகரத்தில் புறங்கை பட்டால் எறும்பு ஊர்வது போலச் சுருக்சுருக்கென்று இருக்கும்.

ராம்நாட்டில் செட் வாங்கிய கடைக்கே போன் செய்தேன். ஒரு டெக்னீஷியனை அனுப்பினார்கள். வந்தவர் ஊஃபரில் காதை வைத்துக் கேட்டார். "பாய், உங்க லைன்ல கரண்ட் சுத்தமில்ல" என்றார். மீட்டர் எதையும் எடுக்கவில்லை. 8,500 ரூபாய்க்கு ஒரு பவர் கண்டிஷனர் பெட்டி வந்தது. சத்தம் அப்படியே இருந்தது. அடுத்த வாரம், சாதாரண ஒயர் இரைச்சலை இழுக்கிறது என்று தங்கமுலாம் பூசிய ஊஃபர் கேபிள், 2,800 ரூபாய். சத்தம் அப்படியே. மூன்றாம் தடவைதான் "எர்த் சரியில்ல பாய், புதுக் குழி போட்டாத்தான் நிக்கும்" என்றார். அதற்கு 6,500 ரூபாய்.

எர்த் என்பது தகரத்தில் ஒழுகும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் ஒயர். அது சரியில்லை என்று அவர் சொன்னது உண்மை. அதனால்தான் நம்பினேன். ஒரு வெள்ளிக்கிழமை வேலை தொடங்கினார். நான் ஜும்மாவுக்குப் போய்விட்டு வருவதற்குள் குழி மூடி, மேலே சிமென்ட் பூசி, பைப் முனை மட்டும் எட்டிப் பார்த்தது. இவ்வளவு சீக்கிரமாக எப்படி என்று கேட்டேன். மணல்தானே, இறங்கிவிட்டது என்றார். டெஸ்ட் லேம்பை எடுத்துப் பேஸுக்கும் (கரண்ட் வரும் ஒயர்) எர்த்துக்கும் நடுவே வைத்துக் காட்டினார். பல்ப் பளிச்சென்று எரிந்தது. ரிசீவரின் தகரத்தைத் தொடச் சொன்னார். சுருக்கென்ற உணர்வே இல்லை. நான் சந்தோஷமாகப் பணத்தைக் கொடுத்தேன்.

அன்று இரவே ஊஃபர் முன்பைவிடப் பெரிதாக உறுமியது. அதோடு மெயின் போர்டில் இருந்த ஆர்.சி.சி.பி. (கரண்ட் வேறு வழியில் ஒழுகினால் தானாக விழுந்து லைனை அறுக்கும் சுவிட்ச்) ஓயாமல் டிரிப் ஆனது. மறுநாள் வந்தவர் இரண்டு காரியம் செய்தார். ஆர்.சி.சி.பி. உப்புக்காற்றில் கெட்டுவிட்டது, இந்தக் கடற்கரைக்கு அது ஒத்துவராது என்று சொல்லி அதைத் தாண்டி நேராக ஒயரைக் கொடுத்தார். அப்புறம் ஊஃபர் பிளக்கின் பெரிய பின்னை ஹேக்ஸா பிளேடால் அறுத்தெடுத்தார். சத்தம் நின்றது. "பாத்தீங்களா பாய்?" என்றார். உங்கள் ஊரில் மட்டும் இதோடு சேர்த்து மூன்று வீட்டில் இதையே செய்து கொடுத்திருக்கிறேன் என்றும் சொன்னார். இந்த வாக்கியத்தை நினைவில் வையுங்கள்.

ஆடி மாதம் கச்சான் காற்று பிடித்து அடித்த ஒரு நாள், அசர் நேரம். வீட்டில் விளக்கு, மின்விசிறி எல்லாம் ஒன்றாக நின்றன. உம்மா கரண்ட் போய்விட்டது என்று நினைத்து, வாஷிங் மெஷினில் பாதியில் நின்ற துணிகளை எடுக்கப் போயிருக்கிறார். ஈரத் தரை, வெறுங்கால். மெஷினின் பக்கத் தகரத்தைப் பிடித்தவுடன் தூக்கி எறிந்தது. பின்பக்கமாக விழுந்ததில் கை விடுபட்டது. அதனால்தான் இன்று என்னோடு இருக்கிறார். உள்ளங்கையில் தீக்காயம், இடுப்பில் அடி. விழுந்த இடத்திலிருந்து அவர் சொன்னது, "கரண்டுதான் இல்லையே வாப்பா, எப்படி அடிச்சுச்சு?"

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்தவர் என் பெரியம்மா மகன், நான் காக்கா என்று கூப்பிடும் அண்ணன். கப்பலில் எலக்ட்ரீஷியன், விடுமுறையில் வந்திருந்தார். முதலில் மெயினை இறக்கினார். டிவிக்குப் பின்னால் இருந்த மூன்று பின் சாக்கெட்டைக் கழற்றினார். உள்ளே நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) முனைக்கும் எர்த் முனைக்கும் நடுவே விரல் நீளத்தில் ஒரு கறுப்பு ஒயர். "இதுதான்டா உன் 6,500 ரூபாய்" என்றார். பிறகு குழியைத் தோண்டினோம். இரண்டடித் துண்டுப் பைப், சுற்றிலும் காய்ந்த மணல். கரி இல்லை, ஒன்றும் இல்லை. மீட்டர் வைத்துப் பார்த்ததில் எர்த்தின் தடை 400 ஓமுக்கு மேல் காட்டியது. பழைய எர்த் பைப்பையும் தேடிப் பார்த்தார். அது நல்ல பைப்தான். ஆனால் ஒயரைப் பிடித்திருந்த போல்ட் உப்பில் அரித்து உதிர்ந்து, ஒயர் பைப்பைத் தொடாமலே கிடந்தது. அந்த போல்ட் ஒன்றிலிருந்துதான் எல்லாமே தொடங்கியிருக்கிறது.

காக்கா விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். நியூட்ரலும் எர்த்தும் வீட்டுக்குள் ஒன்றாகிவிட்டால் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாவற்றின் தகரமும் நியூட்ரலோடு ஒட்டிக்கொள்கிறது. நியூட்ரல் நன்றாக இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. டெஸ்ட் லேம்பும் ஏமாந்து எரியும், ஏனென்றால் அது எர்த்தில் எரியவில்லை, நியூட்ரலில் எரிகிறது. அன்று காற்றில் நடந்தது என்னவென்றால், கூரைக்கு வரும் சர்வீஸ் ஒயரில் நியூட்ரல் இணைப்பு மட்டும் அரித்து விட்டுப்போனது. பேஸ் இருக்கிறது, திரும்பிப் போக வழி இல்லை. அதனால் விளக்கு அணைந்தது. ஆனால் பேஸ் கரண்ட் பல்ப் வழியாக, மின்விசிறி வழியாக நியூட்ரல் ஒயருக்கு வந்து, அந்தக் கறுப்புத் துண்டைத் தாண்டி, எல்லா மெஷின்களின் தகரத்திலும் நின்றது. இருட்டான வீட்டில் எல்லாத் தகரமும் ஆளைக் கொல்லும் நிலையில் இருந்தது.

ஆர்.சி.சி.பி. கெடவே இல்லை. போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் சமமாக இல்லையென்றால் விழ வேண்டும் என்பதுதான் அதன் வேலை. முடிச்சுப் போட்டதும் நியூட்ரல் கரண்டில் ஒரு பங்கு ஊஃபர், ரிசீவர், செட்டாப் பாக்ஸ் வழியாகக் கேபிள் டிவி ஒயரின் மேல்வலையில் (உறைக்குள் சுற்றியிருக்கும் கம்பி வலை) ஏறித் தெருவுக்கு ஓடியது. அந்த ஓட்டம்தான் ஊஃபரில் பெரிய உறுமலாகக் கேட்டது. அதைத்தான் ஆர்.சி.சி.பி.யும் கண்டுபிடித்து விழுந்து விழுந்து சொன்னது. சத்தத்தின் வாயையும் எச்சரிக்கையின் வாயையும் சேர்த்து அந்த டெக்னீஷியன் அடைத்துவிட்டார்.

நம் மணலில் ஆர்.சி.சி.பி. எவ்வளவு முக்கியம் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். எர்த் 20 ஓம் இருந்தால்கூட, 230 வோல்ட் பேஸ் தகரத்தில் பட்டால் 11.5 ஆம்பியர்தான் ஓடும். அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் மட்டும் விழும் சுவிட்சான 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு அசையாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மட்டும்தான் கண நேரத்தில் விழும். அதைக் கடற்கரைக்கு ஒத்துவராது என்று எவராவது சொன்னால், அவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

சரி, இரைச்சலுக்கு உண்மையான மருந்து என்ன? காக்கா அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தார், ஒரு ரூபாய்ச் சாமானும் விற்காமல். முதலில் அந்தக் கறுப்பு ஒயர்த் துண்டை எடுத்துவிட்டு, பழைய பைப்பில் தற்காலிகமாக எர்த்தைச் சேர்த்து, ஊஃபருக்குப் புது பிளக் மாட்டினார். சத்தம் பாதியாகக் குறைந்தது. ரிசீவரில் சுருக்கும் போனது. அந்தச் சுருக்கு, மெஷின்களுக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாகத் தகரத்துக்கு ஒழுகும் சிறு கரண்ட். எர்த் இருந்தால் மண்ணுக்குப் போய்விடும், இல்லையென்றால் தகரத்திலேயே நிற்கும். அடுத்து ஊஃபரின் சிக்னல் கேபிளைக் கழற்றினார். ஊஃபர் மட்டும் ஓடியபோது சத்தமே இல்லை. அப்போதும் உறுமியிருந்தால் கோளாறு ஊஃபருக்குள்ளேயே என்று அர்த்தமாம். திரும்ப மாட்டிவிட்டு, செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி ஒயரைத் திருகி எடுத்தார். அறை அமைதியானது.

அவ்வளவுதான் விஷயம். ஊஃபர் நம் வீட்டு எர்த்தில் நிற்கிறது. கேபிள் டிவி ஒயரின் மேல்வலை தெருவில் பல வீடுகளைத் தொட்டு வேறொரு எர்த்தோடு வருகிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் சிறு வித்தியாசம் 50 ஹெர்ட்ஸ் கரண்டாகச் சிக்னல் ஒயரில் சுற்றுகிறது, ஊஃபர் அதைச் சத்தமாக்குகிறது. இதற்கு அந்தக் கேபிள் வரும் இடத்தில் அந்தச் சுற்றை அறுத்துச் சிக்னலை மட்டும் விடும் ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போட்டால் போதும். நான் 350 ரூபாய்க்கு வாங்கினேன். டிவியிலிருந்து ரிசீவருக்குச் சத்தத்தை ஆப்டிகல் கேபிளில் கொண்டுபோனாலும் அந்த இடத்தில் சுற்று அறுந்துவிடும், ஏனென்றால் அதில் போவது வெளிச்சம். இரைச்சலுக்காக எர்த் பின்னை அறுப்பது மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம். அந்தப் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதே, முதலில் மாட்டிக் கடைசியில் விடுபட வேண்டும் என்பதற்காகத்தான்.

குழியை லைசென்ஸ் உள்ள ஒயர்மேனை வைத்துத் திரும்பப் போட்டோம், இந்த முறை நான் பக்கத்திலேயே நின்றேன். இந்திய தர விதி ஐ.எஸ். 3043 சொல்கிறபடி 38 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், 2.5 மீட்டர் நீளம். குளியலறைத் தண்ணீர் விழும் ஈரமான இடம். கரியும் உப்பும் கொட்டும் வழக்கத்தைக் காக்கா வேண்டாம் என்றார். உப்பு பைப்பைத் தின்னும், நம் காற்றே போதுமான உப்பைக் கொண்டுவருகிறது. பதிலாக ரெடிமேட் எர்த்திங் பவுடர் போட்டோம். ஒயர் சேரும் இடம் சிமென்டுக்குள் புதையாமல், மூடியைத் திறந்து பார்க்கும்படி சிறிய தொட்டிக்குள் இருக்கிறது. வருடம் ஒரு முறை போல்ட்டைப் பார்த்து கிரீஸ் தடவ வேண்டும். இதற்கு 4,200, புது ஆர்.சி.சி.பி. 2,100. ஏமாந்தது 17,800.

உங்கள் வீட்டில் முடிச்சு இருக்கிறதா என்று பார்க்க, தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் இதை மட்டும் கேளுங்கள்: நியூட்ரலும் சேர்ந்து அறுபடும் மெயினை இறக்கிவிட்டு, எல்லா பிளக்கையும் உருவிவிட்டு, சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் மீட்டர் வையுங்கள் என்று. அது பீப் அடித்தால் உள்ளே எங்கோ இரண்டும் சேர்ந்திருக்கிறது. ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்துங்கள், விழ வேண்டும்.

கடையில் போய்க் கேட்டேன். அந்த ஆள் எங்கள் ஊழியர் இல்லை, வெளியாள் என்றார்கள். எர்த் வேலைக்கு நான் பில் வாங்கவில்லை. கண்டிஷனருக்கும் கேபிளுக்கும் பில் இருப்பதால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப் போகிறேன். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. அந்தக் கறுப்பு ஒயர்த் துண்டையும் அறுத்த பின்னையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அவர் சொன்ன மூன்று வீட்டில் ஒன்று எங்களுடையது. இரண்டாவது அடுத்த தெருவில். விசாரித்துப் போய்ச் சாக்கெட்டைக் கழற்றியபோது அதே போல் ஒரு கறுப்புத் துண்டு இருந்தது, எடுத்துவிட்டோம். மூன்றாவது எது என்று இன்னும் தெரியவில்லை. பூட்டிக் கிடக்கும் வீடாகவும் இருக்கலாம். பெரியபட்டினத்திலோ பக்கத்திலோ ஊஃபர் இரைச்சலுக்கு யாரையாவது கூப்பிட்டு, ஆர்.சி.சி.பி.யை எடுத்துவிட்டுப் போயிருந்தால் அது உங்கள் வீடாக இருக்கலாம். ஊரில் இருப்பவர்களுக்கு இப்போதே போன் செய்து, எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை மெயினை இறக்கி வைக்கச் சொல்லுங்கள். கரண்ட் போனது போல இருந்தாலும் தகரம் எதையும் தொட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.