தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் கோர்ட்ல சாட்சி சொல்லப் போறவங்களுக்கு: அரசு ப்ராசிக்யூட்டர் (அரசு தரப்பு வக்கீல்) சர்வீஸ், என் ரேட்டிங் 4/5

அத்தையோட செயின் பறிப்பு கேஸ் இப்பதான் முடிஞ்சு பறிச்சவனுக்கு தண்டனையும் ஆயிடுச்சு, அதான் எழுதுறேன். முதல்ல ஒண்ணு, வக்கீலுக்குன்னு ஒரு ராண்ட் கூட செலவு பண்ண வேண்டாம், கேஸ் நடத்துறது அரசாங்கம், நாம அதுல சாட்சி மட்டும்தான். இது தெரியாம "நல்ல வக்கீலா வைங்க"ன்னு ஆளாளுக்கு அத்தைய பயமுறுத்தி வச்சிருந்தாங்க.

விசாரணைக்கு முன்னாடியே ப்ராசிக்யூட்டர் பொண்ணு அத்தைய உக்கார வச்சு போலீஸ் எழுதின ஸ்டேட்மெண்ட வரி வரியா படிச்சுது, நான் பக்கத்துல இருந்து தமிழ்ல சொன்னேன். அதுல அவன் சிவப்பு தொப்பி போட்டிருந்தான்னு இருக்கு. அத்தை உடனே "தொப்பியா, நான் அப்படி சொல்லவே இல்லையே"ன்னாங்க. எனக்கு திக்குனு ஆயிடுச்சு. அந்த பொண்ணு பதறல, "ஆன்ட்டி, ஞாபகம் இருக்கறத மட்டும் சொல்லுங்க, தெரியலன்னா தெரியலன்னே சொல்லுங்க"ன்னுச்சு, இப்படி சொல்லு அப்படி சொல்லுன்னு ஒரு வார்த்தை சொல்லிக் குடுக்கல. கோர்ட்லயும் அந்த தொப்பி விஷயத்த அந்த பொண்ணே முதல்ல கேட்டு தெளிவுபடுத்திடுச்சு, அதனால எதிர் வக்கீலுக்கு அத வச்சு குடைய வழியில்லாம போச்சு. 1995ல ஷபலாலா வழக்குல அரசியல் சாசன கோர்ட் தீர்ப்பு வந்ததுல இருந்து டாக்கெட்ட (ஸ்டேட்மெண்ட் எல்லாம் இருக்கற போலீஸ் கேஸ் ஃபைல்) எதிர்தரப்புக்கு காட்டாம மொத்தமா மூடி வைக்க முடியாது, எப்படியும் அவங்க படிப்பாங்க, அப்ப நாமளே சொல்லிடறதுதான் நல்லது.

ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா தள்ளிவைப்புதான். டாக்கெட் கோர்ட்டுக்கு வரலன்னு ஒரு தடவ, எதிர் வக்கீல் மாறிட்டார்னு இன்னொரு தடவ, ஒரு போன் பண்ணி சொல்ல ஆள் இல்ல, முட்டி வலியோட அத்தை வராண்டா பெஞ்சுல சாயங்காலம் வரைக்கும். அந்த பொண்ணு கையில எப்பவும் ஒரு கட்டு டாக்கெட், அந்த பொண்ணு மேல எனக்கு கோபமே வரல, இன்னும் ஆள் போடணும்.

எல்எல்பி படிக்கிற நம்ம பசங்க இந்த வேலைய யோசிக்கணும், நெஜமா சொல்றேன். தமிழ்நாட்டுல செஷன்ஸ் கோர்ட் பிபி (பப்ளிக் ப்ராசிக்யூட்டர்) போஸ்ட்னா ஆட்சி மாறினா ஆளும் மாறும். இங்க 1998 சட்டப்படி தேசிய வழக்கு தொடுப்பு ஆணையம்னு தனி அமைப்பு, ட்ரெய்னிங் முடிச்சு டிஸ்ட்ரிக்ட் கோர்ட், அப்புறம் ரீஜனல் கோர்ட், ஹைகோர்ட்டுன்னு மேல போகலாம். ஷமிலா பட்டோஹி 1986ல நம்ம டர்பன் சாட்ஸ்வர்த் கோர்ட்ல ஜூனியர் ப்ராசிக்யூட்டரா ஆரம்பிச்சவங்க, 2000ல கிரிக்கெட் சூதாட்டத்த விசாரிச்ச கிங் கமிஷன்ல தென்னாப்பிரிக்க கேப்டனா இருந்த ஹான்ஸி குரோன்யேவ நிக்க வச்சு கேள்வி கேட்டவங்க, 2019ல நாட்டுக்கே தலைமை ப்ராசிக்யூட்டர் ஆனாங்க.

போறவங்க ஐடி எடுத்துட்டு போங்க, சாட்சிக்கு பயணப்படி உண்டு, கேட்டு வாங்குங்க. தமிழ் இன்டர்ப்ரெட்டர் வேணும்னா முதல் சந்திப்புலயே ப்ராசிக்யூட்டர்கிட்ட சொல்லிடுங்க, அன்னிக்கு காலையில போய் கேட்டா கிடைக்காது.