கோட் சூட்: தைப்பதா, வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? மலையகத் தையற்கடைகள் பற்றி ஒரு மதிப்பீடு

தாலி கட்டும்போது வேட்டி, மாலை வரவேற்புக்குக் கோட் என்பது ஹட்டனிலிருந்து பதுளை வரை மாப்பிள்ளை வீடுகளில் வழக்கமாகிவிட்டது. ரெடிமேட், வாடகை, தையற்கடை ஆகிய மூன்றில் தையற்கடைக்கே முதலிடம் கொடுக்கலாம். ஒரே நிபந்தனை, அந்தக் கடை 2 முறையாவது பிட் ஒன் (தைத்து முடிக்குமுன் உடம்பில் போட்டு அளவு சரிபார்ப்பது) பார்க்கச் சம்மதிக்க வேண்டும். தைத்து முடித்துவிட்டுக் கூப்பிடும் கடையில் கொடுப்பதைவிட நல்ல ரெடிமேட் மேல்.

நம் ஊர் டெய்லர்கள் காற்சட்டையில் கெட்டிக்காரர்கள். கோட்டுக்கு வரும்போது தோளில்தான் தடுமாற்றம் தெரிகிறது. வாடிக்கையாளரும் இடுப்பையும் நீளத்தையும் பார்த்துவிட்டுக் கழற்றிவிடுகிறார். தோள் தையல், தோள் எலும்பு முடியும் இடத்திலேயே முடிய வேண்டும். சுவரோரமாகப் பக்கவாட்டில் நின்று மெல்லச் சாயுங்கள். கைக்கு முன்பே தோள்பட்டைப் பஞ்சு சுவரில் பட்டால் அகலம் அதிகம். புஜம் பிதுங்கித் தையலுக்குக் கீழே குழி விழுந்தால் அகலம் போதாது. முடிந்த கோட்டில் இதைத் திருத்துவதென்றால் கையைப் பிரித்து, பஞ்சை எடுத்து, கைக்குழியை மறுபடி வெட்ட வேண்டும். பாதிக் கோட்டைப் புதிதாகத் தைப்பதற்குச் சமம். அதனால்தான் முதல் பிட் ஒன், நூலோட்டிய (தற்காலிகமாகப் பெரிய தையல் போட்ட) நிலையிலேயே நடக்க வேண்டும் என்கிறோம்.

அடுத்தது கழுத்து. கோட்டின் கொலர் சேர்ட் கொலரை ஒட்டிப் படுத்திருக்க வேண்டும். பின்னால் சேர்ட் கொலர் அரை அங்குலம் தெரியலாம். கொலருக்குக் கீழே முதுகில் குறுக்காக மடிப்பு விழுந்தால் அங்கே துணி கூடுதல். கொலரைப் பிரித்து இறக்கி வைத்தால் போய்விடும். கூன் விழுந்தவருக்குக் கொலர் கழுத்தை விட்டு விலகும். அவருக்கு முதுகுத் துண்டையே நீளமாக வெட்ட வேண்டும். ஒரு தோள் இறங்கியவருக்கு அந்தப் பக்கம் சாய்வாகச் சுருக்கம் ஓடும். பாரம் சுமந்து பழகிய உடம்பில் இது சாதாரணம். இறங்கிய பக்கத்துப் பஞ்சைச் சற்றுத் தடிப்பாக்கினால் சரியாகும். அளவெடுக்கும்போது விறைப்பாக நிற்காமல் இயல்பாக நின்றால்தான் டெய்லருக்கு இதெல்லாம் தெரியும்.

மார்பில், உடம்பின் அளவுக்கு மேல் சுமார் 4 அங்குலம் இளக்கம் வேண்டும். பொத்தானைச் சுற்றிப் பெருக்கல் குறி போலச் சுருங்கினால் இறுக்கம். கோட்டின் கை மணிக்கட்டு எலும்போடு நின்று, சேர்ட் கை அரை அங்குலம் வெளியே தெரிய வேண்டும்.

இளைஞர்கள் கேட்கும் ஒட்டிப்பிடித்த காற்சட்டை பற்றி ஒரு வார்த்தை. வரவேற்பில் பெரியவர்கள் காலில் விழ வேண்டியிருக்கும். பின் தையல் விடுவது அப்போதுதான். கடையிலேயே குனிந்தும் உட்கார்ந்தும் பாருங்கள். பின் நடுத்தையலுக்குள் இரு பக்கமும் ஓர் அங்குலம் துணி விடச் சொல்லுங்கள். பிறகு இடுப்பு பெருத்தாலும் பிரித்துவிடலாம்.

துணி விடயத்தில் ஊரைப் பார்க்க வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், கண்டி சுமார் 500 மீற்றர். மேலே சதுர மீற்றருக்கு 280 முதல் 320 கிராம் வரையான கம்பளி இதமாக இருக்கும். கண்டிக்கும் கொழும்புக்கும் 240 முதல் 260 கிராம், முதுகில் பாதி லைனிங் போதும். கம்பளி என்று சொல்லித் தந்தால் ஓரத்து நூலொன்றை எரித்துப் பாருங்கள்: முடி கருகும் மணத்தோடு சாம்பல் உதிர்ந்தால் கம்பளி, உருகிக் கட்டியானால் பொலியெஸ்டர். 60 அங்குல அகலத்தில் கோட்டுக்கும் காற்சட்டைக்கும் 3¼ மீற்றர் வாங்கினால் திருத்தத்துக்கும் மிஞ்சும்.

மார்புக்குள் என்ன வைத்துத் தைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். துணியின் இரு பக்கத்தையும் விரலால் பிரித்துக் கிள்ளும்போது நடுவில் தனியாக ஓர் அடுக்கு நழுவினால் கேன்வாஸ் (தையலால் பிடித்த உள்துணி). நழுவாமல் ஒட்டியிருந்தால் பசை போட்டது. பசை விலை குறைவு. ஆனால் ஈரமும் இஸ்திரிப்பெட்டியின் அதிசூடும் சேர்ந்தால் பசை விட்டு மார்பில் கொப்புளம் எழும்பும்.

வாடகைக் கோட் ஒரே நாள் தேவைக்குப் போதும். தோள் பொருந்துவதைத் தேர்ந்தெடுங்கள், கை நீளத்தைத் தற்காலிகமாக மடித்துத் தைத்துக் கொடுக்கலாம். அக்குள் லைனிங்கையும் கொலர் உட்புறத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். ரெடிமேட் வாங்கினால் பின்பிளவிலுள்ள பெருக்கல் தையலையும் கையிலுள்ள துணிச்சீட்டையும் வெட்டிவிட்டே போட வேண்டும்.

தை பிறந்ததும் கடைகளில் கல்யாணத் தையல் குவியும். மார்கழி தொடங்கும்போதே துணியைக் கொடுத்துவிட்டால் 2 பிட் ஒன்னுக்கும் நேரம் கிடைக்கும். வாங்கி வந்த கோட்டைப் பொலித்தீன் உறையோடு அலுமாரியில் தொங்கவிடாதீர்கள். மலையின் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பருத்தித் துணி உறையில் போட்டு, வெயில் அடிக்கும் நாளில் நிழலில் காற்றாட விடுங்கள்.