சவுக்குத் தோப்பில் நான்கு வருடம்: நேராகப் போகும் மிட்ரேஞ்ச் டிஸ்க்கைத் தேடி

நாங்கள் ஆடுவது டிஸ்க் கோல்ஃப்: பந்துக்குப் பதில் தட்டு மாதிரி ஒரு டிஸ்க்கை வீசி, குழிக்குப் பதில் சங்கிலிக் கூடையில் விழவைக்கும் ஆட்டம். முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். எந்த டிஸ்க் நல்லது என்பது எங்கே வீசுகிறோம் என்பதைப் பொறுத்தது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டி, நண்பருடைய மாமனாரின் சவுக்குத் தோப்பு. சவுக்கை நெருக்கி நடுவார்கள். மரத்துக்கு மரம் ஒரு மீட்டர் இருந்தாலே பெரிது. அதற்குள் ஆளே ஒருக்களித்துத்தான் நடக்க முடியும், டிஸ்க் எங்கே போவது? நடுவில் டிராக்டர் போக விட்டிருக்கும் பாதைகள்தான் எங்களுடைய ஃபேர்வே. அகலம் 3 மீட்டர். முதல் கூடை 60 மீட்டர் தள்ளி.

ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதையின் நடுவிலிருந்து பக்கத்துக்கு ஒன்றரை மீட்டர். 60 மீட்டர் தூரத்தில் அது ஒன்றரை டிகிரிகூட வராது. கை அவ்வளவு விலகினால் போதும், ‘டொக்’. தோப்பைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் நாங்கள் வண்டியை நிறுத்தும்போதே கேட்பார்: “என்ன தம்பி, இன்னிக்கும் மரத்தை அடிக்க வந்துட்டீங்களா?”

கூடை என்பதும் எங்கள் கைவேலைதான். பழைய சைக்கிள் ரிம், பாரிமுனையில் எடைக்கு வாங்கிய சங்கிலி, கீழே ஒரு பிளாஸ்டிக் கூடை. கலிஃபோர்னியாவில் 1975இல் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்த எட் ஹெட்ரிக்தான் சங்கிலிக் கூடைக்குக் காப்புரிமை வாங்கியவர். எங்கள் கூடையைப் பார்த்தால் அவர் சிரித்திருப்பார். ஆனாலும் சங்கிலிச் சத்தம் சத்தம்தான்.

நான் பெசன்ட் நகர் கடற்கரையில் அல்டிமேட், அதாவது அணியாகப் பிரிந்து ஃபிரிஸ்பீ வீசும் ஆட்டம், ஆடிவிட்டு இதற்கு வந்தவன். 175 கிராம் ஃபிரிஸ்பீ கைக்குப் பழகியிருந்ததால், கோல்ஃப் டிஸ்க்கும் அப்படித்தான் மிதந்து போகும் என்று நினைத்தேன். எடுத்த எடுப்பில் வாங்கியது ஒரு டிரைவர், அதாவது தூரமாக வீசுவதற்கான டிஸ்க்: இன்னோவா நிறுவனத்தின் டிஸ்ட்ராயர். 12/5/-1/3. ஆசைதான், வேறென்ன.

தெரியாதவர்களுக்காக அந்த நான்கு எண்கள்: ஸ்பீடு, கிளைடு, டர்ன், ஃபேடு. முதலாவது, டிஸ்க் ஒழுங்காகப் பறக்க எவ்வளவு வேகம் கேட்கிறது என்பது. இரண்டாவது, எவ்வளவு நேரம் மிதக்கும் என்பது. டர்ன் என்பது வேகமாகப் போகும்போது எந்தப் பக்கம் சாய்கிறது என்பது; மைனஸ் என்றால், வலது கையால் பேக்ஹேண்ட் வீசுகிறவருக்கு வலப்பக்கம். ஃபேடு என்பது வேகம் குறைந்தபின் இடப்பக்கம் இழுக்கும் இழுப்பு. இடது கைக்காரருக்கு எல்லாம் தலைகீழ். 12 வேகம் கேட்கும் டிஸ்க்கை என் கை 7 வேகத்தில் வீசினால் முதல் மூன்று எண்களுக்கும் வேலையே இல்லை. கடைசி எண் மட்டும் வந்து நிற்கும். பாதியிலேயே இடப்பக்கம் திரும்பி, நேராகத் தோப்புக்குள்.

அதனால்தான் மிட்ரேஞ்ச், நடுத்தரத் தூரத்துக்கான டிஸ்க். ஸ்பீடு 5. மரங்களுக்கு நடுவே வீச இதைவிட வேகமான டிஸ்க் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. 60, 70 மீட்டருக்கு முழுப்பலமும் போட வேண்டாம். பலம் போடாதபோது கை விலகுவதும் குறைகிறது.

2021இல் டல்லஸிலிருந்து வந்த அத்தை மகன் பெட்டியில் ஐந்து டிஸ்க் வந்தது. அதில் இரண்டு, டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் பஸ்ஸ். வண்டு ரீங்கரிக்குமே, அந்தப் பஸ்ஸ், 29சி பேருந்து இல்லை. 2003இல் வந்த டிஸ்க், 5/4/-1/1. இரண்டுமே விலை கூடிய இசட் பிளாஸ்டிக், இரண்டுமே 177 கிராம். ஒன்று ரோஸ், ஒன்று பச்சை. பச்சை இரண்டாவது மாதமே தொலைந்தது. சவுக்கு இலை உதிர்ந்து உதிர்ந்து தரையில் மெத்தை மாதிரி கிடக்கும். தாழ்வாகச் சறுக்கும் டிஸ்க் அதற்கடியில் புகுந்துகொள்ளும். பச்சை, சிவப்பு, பழுப்பு வாங்காதீர்கள். ரோஸோ பளிச்சென்ற நீலமோ வாங்குங்கள். டிஸ்க் தேர்வில் யாரும் இதைச் சொல்வதில்லை. எனக்கு இதுதான் முதல் விதி.

ரோஸ் பஸ்ஸோடு நான்கு வருடம். முதல் ஆறு மாதம் அது நேராகப் போகிற டிஸ்க் என்று சொல்ல மாட்டேன். 45 மீட்டர் வரை கோடு போட்ட மாதிரி போகும். அப்புறம் மெதுவாக இடப்பக்கம் சாயும். சாய்வு ஒன்றரை மீட்டர்தான். எங்கள் பாதையில் அந்த ஒன்றரை மீட்டருக்கே மரம் காத்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே அளவு சாய்ந்தது. அதனால் பாதையின் வலது ஓரத்தைக் குறிவைக்கப் பழகினேன். எண்ணில் பூஜ்ஜியம் இருக்கிறதா என்று பார்த்ததை அன்றைக்கு விட்டேன். எப்படித் தவறும் என்று முன்கூட்டியே தெரிந்தால் காட்டுக்கு அது போதும்.

மரத்தில் அடிபட அடிபட டிஸ்க் மாறுகிறது. விளிம்பில் விரலை ஓட்டினால் தெரியும்: முன்பு வழவழவென்றிருந்த இடம் இப்போது நறநறவென்று, சின்னச் சின்ன வெட்டுகளோடு இருக்கிறது. இப்படித் தேயும்போது ஃபேடு குறையும், டர்ன் கூடும். ஒரு வருடம் கழித்து என் ரோஸ் பஸ்ஸ் கடைசிவரை நேராகப் போய் நேராகவே விழுந்தது. மூன்றாம் வருடத்தில் லேசாக வலப்பக்கம் நழுவத் தொடங்கியது. இப்போது காலை ஏழு மணிக்குக் காற்றில்லாதபோது அதைவிட நல்ல டிஸ்க் என்னிடம் இல்லை. பதினொரு மணிக்கு மேல் கடற்காற்று எழும்பிவிட்டால் அதைப் பையில் போட்டுவிடுவேன். எதிர்க்காற்றில் எந்த டிஸ்க்கும் தன் எண்ணைவிட அதிகமாக வலப்பக்கம் சாயும். தேய்ந்ததென்றால் கவிழ்ந்தே போகும்.

இன்னோவாவின் மாக்கோ3, 5/5/0/0. தாளில் பார்த்தால் இதுதான் விடை: டர்னும் இல்லை, ஃபேடும் இல்லை. ஆறு மாதம் இதையே முதல் டிஸ்க்காக வைத்து ஆடினேன். அது நேராகப் போகவில்லை. நான் விட்ட கோணத்தில் போனது. இரண்டும் ஒன்றில்லை. மூன்று டிகிரி இடப்பக்கம் சாய்த்து விட்டால் அந்தச் சாய்விலேயே கடைசிவரை போகும், திருத்திக்கொள்ளாது. மணிக்கட்டு தளர்ந்து டிஸ்க் தள்ளாட்டத்தோடு வெளியேறினால் அந்தத் தள்ளாட்டத்தையும் அப்படியே காட்டிக்கொடுக்கும். பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேர்மையான பையன் மாதிரி, நல்லவன்தான், ஆனால் காப்பாற்ற மாட்டான். பழகுவதற்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை என்பதால் இன்னும் வைத்திருக்கிறேன். மூன்றாவது கூடைக்குப் பாதை வலப்பக்கம் வளைகிறது. அங்கே கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்து விட்டால் வளைவோடு வளைந்து போகும். அந்த ஒரு கூடைக்கு மாக்கோ3தான்.

ராக் 1987இலிருந்து இருக்கிற பழம்பெரும் டிஸ்க். நான் வாங்கியது அதன் விலை குறைந்த டிஎக்ஸ் பிளாஸ்டிக்கில். கைக்கு நல்ல பிடிப்பு. ஆனால் டிஎக்ஸ் சீக்கிரம் தேயும், சவுக்கு மரத்தோடு போட்டி போட முடியாது. நான்கே மாதத்தில் விளிம்பு பல் வாங்கிவிட்டது. அதற்குமேல் ஒரு மே மாதம் ஸ்கூட்டர் டிக்கியில் பகல் முழுக்க வைத்து மறந்துபோனேன். எடுத்துப் பார்த்தால் ஓரம் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. வெந்நீரில் போட்டு, தட்டையாக வைத்து, மேலே அகராதியை ஏற்றி ஓரளவு நிமிர்த்தினேன். அதன் பிறகு அது ராக் இல்லை, வேறு ஏதோ. சென்னை வெயிலுக்கும் மணலுக்கும் விலை கூடிய பிளாஸ்டிக்தான் கடைசியில் மலிவு. மழைக்காலத்தில் மட்டும் இசட் ஈரத்தில் வழுக்கும்; இடுப்பில் ஒரு துண்டு இல்லாமல் ஐப்பசியில் ஆட வராதீர்கள்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. விதிப்படி விட்டத்தின் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம் வரை இருக்கலாம். பஸ்ஸின் விட்டம் 21.7, அதனால் அதிகபட்சம் 180 கிராம். கடலோரத்துக்கு 175க்கு மேல் எடுங்கள், காற்றில் அலையாமல் போகும். நான் ஓர் ஆன்லைன் கடையில் 177 என்று கேட்டு வாங்கியது சமையலறைத் தராசில் 166 காட்டியது. திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். அதை இப்போது என் மகள் வீசுகிறாள், அவளுக்கு அது சரியாக இருக்கிறது.

போன டிசம்பரில் கொடைக்கானல் போனபோது ரோஸ் பஸ்ஸையும் எடுத்துப் போனேன். சுமார் 2,100 மீட்டர் உயரம், காற்று மெலிது. தோப்பில் வலப்பக்கம் நழுவுகிற அதே டிஸ்க், நண்பர் வீட்டுக்குப் பின்னால் இருந்த பைன் மரங்களுக்கு நடுவே புதுசு வாங்கின நாள் மாதிரி கடைசியில் இடப்பக்கம் சாய்ந்தது. முதலில் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். அடர்த்தி குறைந்த காற்றில் டர்ன் குறைந்து ஃபேடு முந்திக்கொள்ளும் என்பது அப்புறம்தான் உறைத்தது. மலையில் ஆடுகிறவர்களுக்கு என் அளவுக்குத் தேய்ந்த டிஸ்க் போதாது. இன்னும் தேய்ந்ததாகத் தேட வேண்டியிருக்கும்.

போன மாதம் தோப்பில் ஒரு பாத்தியை வெட்டினார்கள். சவுக்கு நாலைந்து வருடத்தில் சாரத்துக்கும் விறகுக்கும் போகிற மரம். எங்கள் இரண்டாவது கூடையின் ஃபேர்வே லாரியில் ஏறிப் போய்விட்டது. வெறும் மணலில் கூடை மட்டும் நிற்கிறது. நாங்கள் அதைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தபோது பெரியவர் வீட்டுக்குள் போய்ப் பச்சையாக ஏதோ எடுத்து வந்தார். என் பஸ்ஸ். எப்போதோ சருகு கூட்டும்போது கிடைத்ததாம்.

“தண்ணிக் குடத்துக்கு மூடியா வெச்சிருந்தோம் தம்பி. உங்களுதுன்னு இப்பத்தான் தோணிச்சு.”

துடைத்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. முதல் கூடைக்குப் போய், நான்கு வருடப் பழக்கத்தில் பாதையின் நடுவைக் குறிவைத்து விட்டேன். 45 மீட்டர் வரை கோடு போட்ட மாதிரி போனது. அப்புறம் மெதுவாக இடப்பக்கம் சாய்ந்தது. டொக்.