பன்னிரண்டு கோடும் இருக்கு என்று சொல்லி விற்ற லீஃப்: பழைய மின்சாரக் கார் வாங்குகிறவர்கள் ஒருக்கா வாசியுங்கள்

ஏமாந்த கதையை ஊருக்குச் சொல்ல யாருக்குத்தான் விருப்பம். எழுதுவதா விடுவதா என்று இரண்டு மாதமாக இழுத்தடித்தேன். போன கிழமை என்னோடு வேலை செய்கிற தங்கச்சி ஒருத்தி மதியச் சாப்பாட்டு மேசையில் வந்திருந்து, "அண்ணா, ஒரு லீஃப் பாத்திருக்கிறம், பன்னிரண்டு பாரும் அப்பிடியே இருக்காம்" என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள். (லீஃப் என்பது நிசானின் மின்சாரக் கார். பார் என்பது பற்றரி எவ்வளவு நல்லாக இருக்கிறது என்று காருக்குள் காட்டுகிற கோடு, புதிதில் பன்னிரண்டு.) எனக்குச் சோறு இறங்கவில்லை. அதே வார்த்தையை ஒரு வருடத்துக்கு முதல் நான் என்ர மனிசிக்குச் சொல்லியிருக்கிறேன், அதே சிரிப்போடு.

எனக்கு வீடு மானிப்பாய், வேலை சாவகச்சேரி. போக வர ஐம்பது கிலோமீற்றர். 2022 இல் பெற்றோல் வரிசையில் காருக்குள்ளேயே படுத்தெழும்பின ஆட்களில் நானும் ஒருவன், மின்சாரக் கார் ஆசை விழுந்தது அந்த வரிசையில்தான் (அதே வருடம் பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்டும் இல்லை என்பது ஏனோ ஞாபகத்துக்கு வரவில்லை). காசு சேர்த்து, பழைய மாருதியை விற்று, மனிசியின் சங்கிலி ஒன்றும் அடகுக்குப் போய், ஒரு மாதிரி ஆயத்தமானபோது 2024 வைகாசி. 2020 பங்குனியில் நிறுத்தின வாகன இறக்குமதி அப்போதும் திறக்கவில்லை, ஆகவே பத்து வருடம் ஓடின காருக்கும் தங்க விலை.

யாழ்ப்பாணத்தில் ஒரு வாகன விற்பனை நிலையம். பெயர் எழுத மாட்டேன், கேட்காதீர்கள். 2013 ஆம் ஆண்டு நிசான் லீஃப், 24 கிலோவாற் மணி பற்றரி, வெள்ளை நிறம். 29 இலட்சம் கேட்டு 28க்கு இறங்கினார்கள். விற்ற பெடியனுக்கு முப்பது வயது இருக்கும், நல்ல மரியாதையான கதை. காரை ஓன் பண்ணி, சார்ஜ் காட்டுகிற கோடுகளுக்கு வெளிப்பக்கமாக வலது ஓரத்தில் இருக்கும் சின்னக் கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக் காட்டினான். "பாருங்கோ அண்ணை, பன்னிரண்டு. ஒண்டு கூட விழேல்ல. ஜப்பான்காரன் 228 கிலோமீற்றர் எண்டு சொல்லித்தான் விட்டவன். சரி, இஞ்ச வெயிலுக்கு ஒரு 150 எண்டு வையுங்கோவன்."

அந்த 228 பொய் இல்லை. ஜப்பானின் பரிசோதனை முறையில் வந்த எண் அது, ஆனால் நிஜத் தெருவுக்கு ஒத்து வராது. இதே காருக்கு அமெரிக்க அரசு நிறுவனம் கொடுத்த தூரம் 121 கிலோமீற்றர்தான், அதுவும் பற்றரி புதிதாக இருக்கும்போது. இதை நான் வாங்கினதுக்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். முதலே பத்து நிமிடம் செலவழித்திருக்கலாம்.

கோடுகளின் கணக்கு இது. பற்றரியின் கொள்ளளவில் 15 வீதம் போனால்தான் முதல் கோடு விழும். அதற்குப் பிறகு ஒவ்வொரு 6.25 வீதத்துக்கும் ஒன்று. எட்டுக் கோடு நின்றால் மூன்றில் ஒன்றுக்கு மேல் போய்விட்டது என்று பொருள். அந்தப் பற்றரிக்குத் தண்ணீரால் குளிராக்கும் வசதியும் இல்லை, சும்மா காற்றுப்பட்டு ஆறினால்தான் உண்டு. அரிசோனாப் பாலைவன வெயிலில் இந்தக் கார்களின் கோடுகள் கொட்டுண்டு சனம் 2012 இலேயே சண்டைக்குப் போனது. அப்படியிருக்க, பத்து வருடப் பற்றரி ஒன்று முழுக் கோட்டோடு நிற்கிறதென்றால் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கக் கூடாது, பயந்திருக்க வேண்டும். நான் முற்பணம் கட்டினேன்.

ஓட்டிப் பார்க்க விட்டது நல்லூர் வரைக்கும் போய்வர. அதில் என்ன தெரியும்? சத்தமில்லை, ஏசி குளிர்ந்தது, பின்னுக்கு இருந்த மகன் "அப்பா, கப்பல் மாதிரிப் போகுது" என்றான். முடிந்தது.

முதல் நாள் வீட்டில் சார்ஜ் போட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. கிட்டத்தட்ட வெறுமையாகக் கொண்டு வந்து பின்னேரம் குத்தினேன், படுக்கப் போக முதல் நிரம்பிவிட்டது. ஐந்து மணித்தியாலம். எட்டு மணித்தியாலம் பிடிக்கும் என்று எல்லாரும் சொல்லியிருக்க, எங்களுக்கு ஐந்தே மணித்தியாலம்! பெடியனுக்கு எடுத்துச் சொன்னேன். "பாத்தியளே அண்ணை, நல்ல பற்றரி எண்டாக் கெதியா ஏறும்" என்றான். நானும் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அரைக்குடம் ஒரு நிமிடத்தில் நிரம்பினால் கிணற்றில் ஊற்று நல்லது என்று சொல்கிற மாதிரி.

இதற்குள் இன்னொரு வில்லங்கம். அவர்கள் தந்த சார்ஜ் வயர் ஜப்பானிலிருந்து காரோடு வந்தது, 200 வோல்ற், 15 அம்பியருக்குச் செய்தது. அதன் தலையை வெட்டி இங்குள்ள 13 அம்பியர் சதுர முள் பிளக் ஒன்றைப் பூட்டித் தந்திருக்கிறார்கள். மூன்றாம் கிழமை ஒரு இரவு விறாந்தையில் ஏதோ கருகின மணம். போய்ப் பிளக்கைப் பிடித்தால் கை சுட்டது. இழுக்க வரவில்லை, சொக்கற்றோடு ஒட்டிக்கொண்டு நின்றது. மெயின் சுவிட்சை நிப்பாட்டிவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தேன். ஒரு முள்ளைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்ரிக் தேத்தண்ணி நிறத்துக்கு வந்து மெழுகாட்டம் வழிந்திருந்தது. கேத்திலுக்கு ஐந்து நிமிடம் ஓடுகிற சொக்கற்றில் ஐந்து மணித்தியாலம் முழுப் பாரத்தை ஏற்றினால் வேறென்ன நடக்கும். பிறகு மீற்றர் பெட்டியிலிருந்து தனி வயர் இழுத்து, தனி பிரேக்கர், ஒழுங்கான இயர்த், சார்ஜுக்கென்றே உள்ள சுவர்ப்பெட்டி எல்லாம் போட்டு 85 ஆயிரம் போனது. கார் விலை பேசும்போது இந்தக் காசை யாரும் சொல்ல மாட்டார்கள், நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். ஆனி நடுவில் கிளிநொச்சியில் சித்தி வீட்டில் ஒரு விசேஷம். எங்கள் வீட்டிலிருந்து எழுபது கிலோமீற்றர் மட்டில். முழுச் சார்ஜ், திரையில் 138 கிலோமீற்றர் ஓடும் என்று காட்டுகிறது. போய் அங்கே குத்திவிட்டுப் பின்னேரம் திரும்பலாம் என்று புறப்பட்டோம். சாவகச்சேரி தாண்டினதுமே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. நாங்கள் ஐந்து கிலோமீற்றர் ஓடினால் திரையில் பத்துக் குறைகிறது. பளையில் ஏசியை நிப்பாட்டினேன். ஆனையிறவு வெளிக்கு வந்தால் சோளகம் நேரே முகத்தில் அடிக்கிறது. அந்த வெளியை இந்த மாதங்களில் சைக்கிளில் கடந்தவர்களுக்குத் தெரியும் அது என்ன காற்று என்று, காருக்கும் அதே கஷ்டம்தான். உப்பளம் கடக்கத் தூரம் காட்டுகிற இடத்தில் எண்ணே இல்லை, மூன்று கோடு மட்டும் மினுங்குகிறது. பரந்தனுக்கு நாலைந்து கிலோமீற்றர் இருக்க ஒரு சின்ன ஆமைப் படம் பத்தினது. உண்மையாகவே ஆமைதான், சக்தி முடியப் போகிறது என்பதற்கு அந்தக் காரில் வைத்திருக்கிற அடையாளம். பின்னால் வந்த கொழும்பு பஸ் ஹோர்னில் கையை எடுக்கவேயில்லை. மகள் ஆமையைப் பார்த்துச் சிரிக்கிறாள், மனிசி என்னைப் பார்க்கிறாள், நான் தெருவை மட்டும் பார்க்கிறேன்.

உருட்டிக்கொண்டு போய்த் தெருவோரத்து அரிசி ஆலை ஒன்றில் விட்டேன். அந்த ஐயா ஒரு வார்த்தை கேட்கவில்லை, மோட்டருக்கு இழுத்த 15 அம்பியர் பிளக்கைக் காட்டி "குத்து தம்பி" என்றார். பிளக்கை மாற்றிக் குத்தி, பட்டுச்சேலையோடு மனிசி நெல்லு மூட்டையில் இருக்க, ஒன்றரை மணித்தியாலம். காசு நீட்டினால் வாங்கவில்லை. விசேஷத்துக்குப் போகும்போது பந்தி முடிந்துவிட்டது.

அடுத்த கிழமை முதல் கோடு விழுந்தது. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் இரண்டாவது, தேருக்குள் மூன்றாவது, ஐப்பசியில் நாலாவது. பத்து வருடம் ஒன்றும் விழாத பற்றரி ஐந்து மாதத்தில் நாலு கோடு கொட்டுமா?

விளக்கினது அக்காவின் மகன், கொழும்பில் படிக்கிறவன். காரின் ஸ்ரியரிங்குக்குக் கீழே குத்துகிற சின்ன புளூரூத் கருவி ஒன்றையும் போனில் லீஃப் ஸ்பை என்ற செயலியையும் கொண்டு வந்தான். ஆரோக்கிய வீதம் 63. பற்றரி எவ்வளவு கொள்ளும் என்று சொல்கிற அம்பியர் மணி 41, புதிதில் அது 65 மட்டில் இருக்கும். "மாமா, உங்களுக்கு வித்தபோதும் இவ்வளவுதான் இருந்திருக்கும். பற்றரியைக் கவனிக்கிற கணினியை ரீசெற் பண்ணினா, பழைய கணக்கை மறந்து புதுப் பற்றரி எண்டு நினைச்சுப் பன்னிரண்டு கோட்டையும் காட்டும். ஓட ஓட உண்மையைக் கண்டுபிடிச்சு ஒவ்வொண்டா இறக்கும்." கோடு மட்டுமில்லை, ரீசெற் செய்த புதிதில் இந்தச் செயலி காட்டுகிற வீதமும் ஏமாற்றும், ஏனென்றால் அதுவும் அதே கணினியிடம் கேட்டுத்தான் சொல்கிறது. இது எங்கள் ஊர்க் கண்டுபிடிப்பும் இல்லை, பழைய லீஃப் போய்ச் சேர்ந்த பல நாடுகளில் நடந்த வேலை.

அவர்கள் கை வைக்க முடியாத ஒன்று உங்கள் வீட்டு மின்சார மீற்றர். மருமகன் அன்றே செய்து காட்டினான். ஆமை வரும்வரை ஊருக்குள் ஓடிவிட்டு வந்து, வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிப்பாட்டி, மீற்றரைப் படம் எடுத்து, நிரம்பும் வரை குத்தி, திரும்பப் படம் எடுத்தோம். 15 யூனிற் (ஒரு யூனிற் என்பது ஒரு கிலோவாற் மணி). புதுப் பற்றரி என்றால் இழப்பும் சேர்த்து 24 மட்டில் குடித்திருக்க வேண்டும். ஐந்து மணித்தியாலத்தில் நிரம்பின அதிசயமும் இதுதான், மணிக்கு மூன்று யூனிற் ஏறினால் ஐந்து மணிக்குப் பதினைந்து.

விற்ற இடத்துக்குப் போனேன். பெடியன் இல்லை, முதலாளி இருந்தார். முதலில் தேத்தண்ணி, பிறகு "நீங்கள் ஓடின விதம் தம்பி", பிறகு "வெயிலுக்கு அப்பிடித்தான்", கடைசியில் பற்றுச்சீட்டை எடுத்து வைத்தார். அதில் இருந்தது சேசி இலக்கமும் தொகையும், கீழே சின்ன எழுத்தில் 'பார்த்துத் திருப்தியுற்ற நிலையில்' என்றும். பற்றரி பற்றி ஒரு சொல் இல்லை. கோட்டை எண்ணிக் காட்டினது எல்லாம் வாயால்தான். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு கொடுத்தேன் (1977க்கு அடித்தால் எப்படி என்று சொல்வார்கள்), எழுத்தில் இல்லாததால் என் பக்கம் பலவீனம். கடைசியில் ஒரு இலட்சம் தருகிறோம், முறைப்பாட்டை எடுங்கள் என்றார்கள். எடுத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் மாதா மாதம் அடகு வட்டி கட்டுகிறவனுக்கு ஒரு இலட்சம் ஒரு இலட்சம்தான். வேறு பற்றரி போடக் கொழும்பில் கேட்ட விலை 15 இலட்சத்துக்கு மேல்.

மின்சாரக் காரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதே கார் இப்போதும் தினமும் சாவகச்சேரிக்குப் போய் வருகிறது. என்ஜின் ஒயில் இல்லை, பெல்ற் இல்லை, பிரேக் கட்டை தேய்வதே குறைவு. யூனிற்றுக்கு ஆறு கிலோமீற்றர் ஓடும், மாதம் 180 யூனிற் மட்டில் கார் குடிக்கும். எங்கள் வீட்டுப் பாவனை 95, எல்லாம் சேர 275. கணக்குப் போடும்போது சராசரி எடுக்காதீர்கள், எங்கள் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது, காரின் யூனிற் முழுக்க மேல்படியில்தான் போய் இருக்கும். அப்படியும் மாருதிக்கு ஊற்றின பெற்றோல் காசில் பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் வருகிறது. கூரையில் சோலார் இருக்கிறவர்களுக்கு இது பேச்சே இல்லை. ஊர் முழுக்கக் கரண்ட் கூடுதலாக எடுக்கிற மாலை 6.30 இலிருந்து 10.30 வரை குத்தாமல் இரவு பதினொன்றுக்கு ஓடும்படி ரைமர் வைத்திருக்கிறேன். திரை முழுக்க ஜப்பான் எழுத்து, மகன் போன் கமராவால் மொழிபெயர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மினக்கெட்டுச் செய்து தந்தான்.

2025 மாசியில் இறக்குமதி திறந்த பிறகு புதிது வாங்கப் போகிறவர்கள் பழையவற்றைத் தள்ளுகிறார்கள், ஆகவே இப்படிக் கார்கள் இன்னும் நிறையச் சந்தைக்கு வரும். வாங்க முதல் ஒரு முழு நாள் கேளுங்கள். முழுச் சார்ஜில் எடுத்து, பருத்தித்துறை போய் வந்து (அறுபத்தைந்து கிலோமீற்றர் மட்டில்) எத்தனை வீதம் மிச்சம் என்று பாருங்கள், அப்புறம் மீற்றரோடு குத்துங்கள். நாள் தர மாட்டோம் என்றால் நடையைக் கட்டுங்கள். தந்தாலும், ஆறு மாதத்துக்குள் இத்தனை கோட்டுக்குக் கீழே போனால் இவ்வளவு காசு திருப்பித் தரவேண்டும் என்று பற்றுச்சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அலுவலகத் தங்கச்சி இதைக் கேட்டபோது அந்த ஆள் "எங்கள நம்பேல்லையோ" என்று கோபப்பட்டாராம். அவள் முற்பணம் கட்டவில்லை.

அந்தப் புளூரூத் கருவியை மருமகன் என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டான். மானிப்பாய், கொக்குவில், சுன்னாகம் பக்கம் யாராவது லீஃப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒரு செய்தி போடுங்கள், ஞாயிறு பின்னேரம் வந்து பார்த்துத் தருகிறேன். காசு வேண்டாம். கிளிநொச்சிப் பக்கம் என்றால் மட்டும் நீங்கள்தான் வந்து ஏற்றிக்கொண்டு போகவேண்டும்.