புரோகிரியேட்: அட்டைப்படம் வரைகிறவர் வாங்கலாமா?

சொந்தமாக வேலை எடுத்துச் செய்யும் ஓவியருக்கு மாதாமாதம் ஒரே மாதிரி காசு வருவதில்லை. புத்தகக் கண்காட்சி நெருங்கும்போது ஒரே வாரத்தில் நான்கு அட்டைப்படம் கேட்பார்கள். பொங்கல் முடிந்தால் போன் அடிக்காது. சாஃப்ட்வேர் சந்தா மட்டும் தேதி தவறாமல் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கும். அதனால் ஐபேடில் வரையும் ஆப்பான புரோகிரியேட்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது அதன் விலை. ஒருமுறை காசு கட்டினால் போதும். அமெரிக்க ஆப் ஸ்டோரில் 12.99 டாலர், சந்தா கிடையாது. டாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரில் இருக்கும் சாவேஜ் இன்டராக்டிவ் 2011இல் இதை வெளியிட்டது. 5ஆம் பதிப்பு வந்தபோதும் பழைய பதிப்பு வைத்திருந்தவர்களிடம் தனிக்காசு வாங்கவில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஐபேடில் வரைய இதைவிட நல்ல பலகை இல்லை. ஆனால் அச்சகத்துக்குப் போகும் கடைசிக் கோப்பை இதிலிருந்து நேரே அனுப்பக் கூடாது. இந்த எல்லை தெரியாமல் இறங்குகிறவர்கள்தான் கரெக்ஷனில் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள்.

செலவு ஆப்பில் இல்லை, கருவியில் இருக்கிறது. பலரும் ஏமாறும் இடம் பென்சில். 2023இல் வந்த யுஎஸ்பி-சி ஆப்பிள் பென்சில் விலை குறைவு என்று வாங்கிவிடுவார்கள். அதற்கு அழுத்தம் தெரியாது. அழுத்தி வரைந்தாலும் மெல்ல வரைந்தாலும் கோடு ஒரே தடிமனில்தான் விழும். சாய்த்துத் தேய்த்தால் மட்டும் மாறும். கோட்டோவியம் வரைகிறவருக்கு அது உதவாது. 10ஆம் தலைமுறை ஐபேடும் 2025இல் வந்த ஏ16 ஐபேடும் வைத்திருப்பவர்கள், அழுத்தம் வேண்டுமென்றால் முதல் தலைமுறைப் பென்சிலைத்தான் வாங்க வேண்டும், கூடவே ஒரு அடாப்டரும். 2024 முதல் வந்த ஐபேட் ஏர் என்றால் பென்சில் புரோ. இரண்டாம் தலைமுறைப் பென்சில் அதில் வேலை செய்யாது, பழையதைக் கொண்டு ஒப்பேற்ற முடியாது. அடிப்படை ஐபேடில் கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே சின்ன இடைவெளி உண்டு. முனை தொடும் இடமும் கோடு விழும் இடமும் மயிரிழை விலகும். ஓரிரு வாரத்தில் கை பழகிவிடும், ஆனால் நுணுக்கமாகக் குறுக்குக்கோடு போடுகிறவருக்கு உறுத்தும். காகிதம் போல் சொரசொரக்கும் ஒட்டுத்தாள் போட்டால் பிடி நன்றாக இருக்கும். பதிலுக்கு முனை சீக்கிரம் தேயும், மாற்று முனைகளுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இனி ஒரு வேலையை வைத்தே பார்க்கலாம். டெமி அளவில் ஒரு நாவலின் அட்டை: முன், முதுகு, பின் மூன்றும் சேர்ந்த ஒரே ஓவியம்.

புதிய கேன்வாஸ் திறக்கும் நொடியில் பாதித் தலைவிதி எழுதப்பட்டுவிடுகிறது. டெமி பக்கம் 140 × 216 மி.மீ. முதுகு 10 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நான்கு பக்கமும் வெட்டுக்கு 3 மி.மீ. விட்டால் மொத்தம் 296 × 222 மி.மீ. 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், அது 3496 × 2622 பிக்சல். முதுகின் அகலத்தை நீங்களாக ஊகிக்காமல் அச்சகத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்டு வாங்கிய பிறகும், படத்தை இடமும் வலமும் இன்னொரு 10 மி.மீ. கூடுதலாக வரைந்து வையுங்கள். கடைசி நேரத்தில் உள்தாளை மாற்றுவது பதிப்பகங்களில் சாதாரணம். தாள் தடித்தால் முதுகு அகலமாகும். அப்போது ஓரத்தில் படம் பற்றாமல் போனால் மறுபடி உட்கார்ந்து வரைய வேண்டியது நீங்கள்தான்.

இது பிக்சல் ஆப் என்பதால் பிறகு பெரிதாக்கினால் மங்கும். அதற்குப் பயந்து எடுத்த எடுப்பில் 600 டிபிஐ வைத்தால் பிக்சல் நான்கு மடங்காகும், கிடைக்கும் லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரையும் தாள்) எண்ணிக்கை ஏறக்குறைய கால்பங்காகும். லேயர் வரம்பு கேன்வாஸ் அளவையும் கருவியின் நினைவகத்தையும் பொறுத்தது. அடிப்படை ஐபேடில் பெரிய அட்டை வரைகிறவர்கள், லேயர் தீர்ந்துபோய், கரெக்ஷன் வரும் என்று தெரிந்தும் லேயர்களை ஒன்றாக்குகிறார்கள். அப்படி ஒட்டிவிட்டால் “அந்தப் பெண்ணின் புடவை நிறத்தை மட்டும் மாற்றுங்கள்” என்று பதிப்பாளர் சொல்லும்போது கழுத்தும் கையும் சேர்ந்து மாறும். வழி இருக்கிறது: ஒட்டுவதற்கு முன் கேலரியில் கோப்பையே நகலெடுத்து, பெயரில் தேதி போட்டு வைத்துவிடுங்கள்.

வரைவதற்கு வருவோம். இந்த ஆப் காசுக்கு மேல் திருப்பித் தருவது இங்கேதான். இரண்டு விரலால் தட்டினால் ஒரு படி பின்னே, மூன்று விரலால் தட்டினால் முன்னே. மெனுவைத் தேடிக் கை அலைவதில்லை. முதல் ஸ்கெட்ச்சுக்கு 6பி பென்சில் பிரஷ்ஷே போதும். கடையில் விற்கும் பிரஷ் மூட்டைகளை வாங்கிக் குவிப்பதில் பயனில்லை, மூன்று பிரஷ்ஷை ஆழமாகப் பழகியவர்தான் வேகமாக வேலை முடிக்கிறார். அதைவிட முக்கியம், எவ்வளவு அழுத்தினால் கோடு எவ்வளவு தடிக்கும் என்பதை மாற்ற அமைப்புகளில் இருக்கும் அழுத்த வளைவு. கை கனமாக இருப்பவர் அந்த வளைவை நடுவில் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டால், எடுத்தவுடன் தடிக் கோடு விழுவது நிற்கும். ஓவியர்கள் மாதக்கணக்கில் பிரஷ்ஷைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும் பிரச்சினை இது. சரிசெய்ய ஒரு நிமிடம் ஆகாது.

தமிழ்த் தலைப்பெழுத்தைக் கையால் எழுதுகிறவருக்கு கோட்டின் நடுக்கத்தைச் சமன்செய்யும் ஸ்ட்ரீம்லைன் என்ற அமைப்பு வரம். ‘ண’ எழுதிப் பாருங்கள். ஸ்ட்ரீம்லைன் பூஜ்யத்தில் இருந்தால் இரண்டாவது சுழியில் கை நடுக்கம் அப்படியே தெரியும். பாதிக்கு மேல் ஏற்றினால் சுழி வழவழப்பாக உருளும், ஆனால் கோடு கைக்குச் சற்றுப் பின்னால் வரும், சுழியிலிருந்து நேர்க்கோட்டுக்குத் திரும்பும் முனை மழுங்கிவிடும். ‘ட’, ‘ப’ போன்ற மூலையுள்ள எழுத்துகளில் இது அப்பட்டமாகத் தெரியும். ஒரே பிரஷ்ஷை நகலெடுத்து, சுழிக்கு ஒன்று மூலைக்கு ஒன்று என்று இரண்டு அளவில் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். ஓவியர் கே.எம்.ஆதிமூலம் 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த கோட்டோவியங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கோட்டின் உயிர் அதன் நடுக்கத்திலும் வேகத்திலும்தான் இருக்கிறது. அந்த வகைக் கோடு வேண்டுமென்றால் ஸ்ட்ரீம்லைனை முழுக்க அணைத்துவிட்டு மையூறும் பிரஷ்ஷில் வேகமாக இழுக்க வேண்டும். திருத்தித் திருத்தி வழவழப்பாக்கிய கோட்டில் அது வராது.

வண்ணம் நிரப்புவதில் ஒரு சிக்கல். திரையில் இருக்கும் நிற வட்டத்தைக் கோட்டுக்குள் இழுத்துப் போட்டால் வண்ணம் நிரம்பும், ஆனால் கோட்டின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைப் பிசிறு நிற்கும். கோட்டின் விளிம்பு கறுப்பிலிருந்து வெறுமைக்குப் படிப்படியாக மாறுவதுதான் காரணம். விரலை எடுக்காமல் வலப்பக்கம் நகர்த்தினால் வரம்பு கூடி வண்ணம் கோட்டடிக்குள் நுழையும். அளவு மீறினால் முழுத் திரையும் நிறைந்துவிடும், அந்த இடத்திலிருந்து ஒரு சிட்டிகை பின்வாங்குங்கள். கோட்டு லேயரை ‘ரெஃபரன்ஸ்’ என்று குறித்துவிட்டு, அதற்குக் கீழே தனி லேயரில் நிரப்புவதுதான் சரியான முறை. அப்போதுதான் நாளை நிறம் மாற்றச் சொன்னால் கோட்டைத் தொடாமல் மாற்ற முடியும். 6பி மாதிரி சொரசொரப்பான கோட்டில் இந்த வித்தை பலிக்காது. வண்ணம் பொத்தல் வழியே ஒழுகும். அங்கே தேர்வுக்கருவியால் சுற்றி வரைந்து நிரப்புங்கள்.

இன்னொன்று, தலையைக் கொஞ்சம் பெரிதாக்கு, இல்லை சிறிதாக்கு என்று மூன்று முறை கரெக்ஷன் வந்தால், ஒவ்வொரு முறையும் அளவு மாற்றி உறுதி செய்கிறபோது பிக்சல் புதிதாகக் கணக்கிடப்பட்டுக் கோடு மங்கும். மூலத் தலையை ஒரு லேயரில் மறைத்து வைத்து, எப்போதும் அதன் நகலையே மாற்றுங்கள்.

பார்த்த பொருளை வேலைக்குள் கொண்டுவரும் வசதியும் நன்றாகச் செய்திருக்கிறார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த ஒரு தரையைப் போட்டோ எடுத்து, அதிலிருந்து வண்ணத்தட்டு உருவாக்கச் சொன்னால் 30 நிறங்கள் எடுத்துத் தரும். முப்பதும் வேண்டாம். பழுத்த சிவப்பு, மங்கிய மஞ்சள், ஒரு பச்சை, சுண்ணாம்பு வெள்ளை, நிழலுக்கு ஒன்று என்று ஐந்தோடு நிறுத்தினால்தான் அட்டைக்கு ஒரு குணம் வரும். மாதிரிப் படத்தைக் கேன்வாஸுக்கு மேலேயே சின்ன ஜன்னலில் வைத்துக்கொள்ளலாம். மெனுவில் படம் சேர்க்கும் வரியை இடப்பக்கம் தள்ளினால் ‘தனிப்பட்ட படம்’ என்று வரும். அப்படிச் சேர்த்தது, வரைவதைப் பதிந்து வேகமாக ஓட்டிக்காட்டும் டைம்லாப்ஸ் வீடியோவில் விழாது.

அந்த டைம்லாப்ஸை விளையாட்டுப் பொருளாக நினைக்க வேண்டாம். ஏஐ படங்கள் புழங்கும் இந்த நாளில், முதல் கோட்டிலிருந்து கடைசி வரை பதிவான வீடியோ ‘இதை நானே வரைந்தேன்’ என்பதற்குக் கையில் இருக்கும் ஆதாரம். ஜெனரேட்டிவ் ஏஐயைத் தங்கள் செயலிகளில் சேர்க்கப் போவதில்லை என்று நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளிப்படையாக அறிவித்தது. கையால் வரைந்து பிழைக்கிறவர்களுக்கு அந்த வார்த்தை பெரிய மரியாதை. வீடியோவின் தரத்தை மட்டும் கேன்வாஸ் திறக்கும்போதே தேர்ந்துவிடுங்கள், உயர்தரம் இடத்தை விழுங்கும்.

இனிக் குறைகள். முதலில் வண்ணமுறை. கேன்வாஸ் திறக்கும்போது ஆர்ஜிபியா (திரைக்கான வண்ணமுறை) சிஎம்ஒய்கேயா (நான்கு அச்சு மைக்கான முறை) என்று தேர்ந்துவிட்டால் பிறகு ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவ முடியாது. ஆர்ஜிபியில் வரைந்த மயில்நீலமும் கிளிப்பச்சையும் ஆஃப்செட் அச்சில் சாம்பல் பூத்து வரும். சிஎம்ஒய்கேயில் திறந்தால் அச்சில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும், அச்சகம் தரும் ஐசிசி கோப்பையும் உள்ளே கொண்டுவரலாம். ஆனால் அதை பிஎன்ஜியாக அனுப்பினால் எல்லாம் வீண். பிஎன்ஜி வடிவில் சிஎம்ஒய்கேக்கு இடமே கிடையாது. பிஎஸ்டி அல்லது டிஃப் எடுங்கள். நிறம் பார்க்கும்போது ஐபேடின் ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட் இரண்டையும் அணைத்துவிடுங்கள். அவை திரையின் நிறத்தையே மாற்றிவிடும்.

இரண்டாவது குறைதான் பெரிது: எழுத்து. ஒடிஎஃப், டிடிஎஃப் எழுத்துருக்களை உள்ளே கொண்டுவந்து யூனிகோட் தமிழைத் தட்டச்சு செய்யலாம். கேட்டமரான், முக்தா மலர், மீரா இனிமை, கவிவனார் போன்றவை இலவசம், திறந்த உரிமத்தில் வருவதால் வணிக வேலைக்கும் தடையில்லை. ஆனால் பாமினி வகைப் பழைய எழுத்துருவில் பதிப்பகம் அனுப்பும் பின்னட்டைக் குறிப்பை யூனிகோடுக்கு மாற்றாமல் இங்கே பயன்படுத்த முடியாது. பிஎஸ்டியாக எடுத்தால் எழுத்து படமாகிவிடும், ஒரு ஒற்றெழுத்தைத் திருத்தக்கூட ஐபேடுக்குத் திரும்ப வேண்டும். அதைவிட மோசம், படமான கறுப்பு எழுத்து நான்கு மையும் சேர்ந்த கறுப்பாக அச்சாகும். ஒரு தகடு இம்மி விலகினாலும் சின்ன எழுத்தின் ஓரத்தில் சிவப்போ நீலமோ எட்டிப் பார்க்கும். அதனால் கையால் எழுதிய தலைப்பை மட்டும் படத்தோடு விடுங்கள். பின்னட்டை வாசகம், ஆசிரியர் பெயர், விலை, ஐஎஸ்பிஎன் எல்லாம் பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் தனிக் கறுப்பில் வைக்க வேண்டும். அங்கே பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு-ரெடி’ கம்போஸரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

லோகோ வேலைக்கு இது ஆகாது, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் கோடு கிடையாது. ஸ்கெட்ச்சை இங்கே போட்டுவிட்டு இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பில் வரைந்து கொடுக்கலாம். பல பக்கக் காமிக்ஸுக்கு கிளிப் ஸ்டூடியோ பெயின்ட் மேல், கோட்டை வெக்டராகவே வைத்துத் திருத்தலாம். ஐபேட் வாங்க வசதியில்லை என்றால் இருக்கிற கணினியில் ஒரு வரைபலகையும் கிரிதா என்ற வரையும் மென்பொருளும் போதும். கிரிதா இலவசம், சிஎம்ஒய்கே அதில் ஒழுங்காக இருக்கிறது.

கடைசியாக, வேலை பறிபோகும் இடம். கேலரியில் இருக்கும் ஓவியங்கள் எல்லாம் ஆப்புக்குள்ளேதான் வாழ்கின்றன. இடம் போதவில்லை என்று ஆப்பை நீக்கினால் அத்தனையும் சேர்ந்து போகும். ஐகிளவுட் பேக்கப் இயங்கினாலும் அது முழுக் கருவியை மீட்கத்தான், நேற்று அழித்த ஒரு அட்டையை மட்டும் அதிலிருந்து எடுக்க முடியாது. 250 படி வரை பின்னே போகும் வசதியும் கேலரிக்குத் திரும்பியதும் மறந்துவிடும். வேலை நாள் முடிவில் அன்றைய கோப்புகளைத் தேர்ந்து, புரோகிரியேட் வடிவிலேயே ஒரு வெளி டிரைவுக்கு அனுப்புங்கள். பணம் வந்து சேரும் வரை லேயர்கள் இருக்கும் மூலக்கோப்பை வாடிக்கையாளருக்குக் கொடுக்காதீர்கள். பார்வைக்கு 1500 பிக்சல் அகல ஜேபெக் போதும்.